தடுப்பூசிக்குரிய ஆர். என். ஏ. : படியெடுப்பும் பிழைகளைவும்

1. தோற்றுவாய்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்து பழகியோர்க்குப் படியெடுத்தல் என்னும் தொழிலின் அருமையும் இடரும் நன்கு தெரியும். ஒரு நூல் மூல ஏட்டினின்றும் மற்றோர் ஏட்டிற்குப் பெயர்த்தெழுதப்படுங்கால் எழுத்து மாறும், சொல் விடுபடும், எழுதுவோன் தன் கைச்சரக்கைக் கூட்டுதலும் உண்டு. இங்ஙனம் நேரும் பிழைகளை வகைப்படுத்தி, அவை தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, களைந்து தருதல் பதிப்பாசிரியர் கடன். இதனை ஒத்ததொரு தொழில் இன்று உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றது. ஆங்குப் படியெடுக்கப்படுவது ஆர். என். ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு. படியெடுப்பது ஒரு நொதி. அப்படியில் நேரும் பிழை கற்பாரை மயக்குவதோடு அமையாது, ஊசி ஏற்பாரின் உடலையே தாக்கவல்லது.

உயிரியலார் தம் துறைக்குக் குறியீடு வகுத்தபோது எழுத்துத் தொழிலினின்றும் பல சொற்களைக் கடன் கொண்டனர். டி. என். ஏ.யினின்றும் ஆர். என். ஏ. உண்டாதலைப் படியெடுத்தல் என்றனர், ஆர். என். ஏ.யினின்றும் புரதம் உண்டாதலை மொழிபெயர்த்தல் என்றனர். குறிமொழி, எழுத்துத் திருத்தம், படிக்கும் முறை என்பனவும் அவர்தம் வழக்கில் உள்ளன. ஆதலின் மொழித்துறையாளராகிய நாம் இப்பொருளை அணுகுதற்கு வேற்றுமொழி கற்கவேண்டியதில்லை. நம் சொற்கள் புதியதோர் இடத்தில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதைக் கண்டாற் போதும்.

தடுப்பூசிக்குரிய ஆர். என். ஏ.யை ஆய்வுக்கூடத்தில் ஆக்கும் முறை நாற்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. இவ்வளர்ச்சியின் உயிர்நாடி மிகுதியாகச் செய்தல் அன்று. பிழையறச் செய்தலே என்பதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முதல்நூலும் வழிநூலும்

உயிரணுவின் உட்கருவில் டி. என். ஏ. என்னும் இரட்டை இழை உள்ளது. இது முதல்நூல் போல்வது. இதன் ஒரு பகுதியைப் பார்த்து உண்டாகும் ஒற்றை இழையே தூது ஆர். என். ஏ. ஆகும். இது நான்கு எழுத்துக்களால் ஆயது. அடினின், குவானின், சைட்டோசின், யுராசில் என்பன அவ்வெழுத்துக்கள். மும்மூன்று எழுத்துக்களாகக் கூட்டிப் படிக்கப்படும் இவ்வரிசைக்கு ஏற்ப, அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகின்றது. தூது ஆர். என். ஏ. உண்டென்பது 1961 ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் குறிமொழியின் பொருளை விடுவித்தமைக்காக நிரன்பெர்க்கு, கொரானா, ஹாலி என்னும் மூவர் 1968 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வுண்மையினின்றும் ஒரு கருத்துப் பிறந்தது. ஒரு வைரசின் புறத்தே அமைந்த புரதத்திற்குரிய ஆர். என். ஏ.யைச் செயற்கையாக ஆக்கி உடலிற் செலுத்தினால், உடலின் உயிரணுக்கள் அதனைப் படித்து அப்புரதத்தைத் தாமே செய்யும். நோய் எதிர்ப்பாற்றல் அப்புரதத்தை அடையாளம் கண்டு, பின்னர் மெய்யான வைரசு வருங்கால் எதிர்த்து நிற்கும். வைரசை வளர்த்தல் வேண்டா. புரதத்தைத் தொட்டிகளிற் செய்தலும் வேண்டா. வேண்டுவது எழுத்து வரிசை ஒன்றும், அதனைப் படியெடுக்கும் முறையும் மட்டுமே.

1990 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விசுகான்சின் பல்கலைக்கழகத்து அறிஞர் உல்ஃபும் அவர்தம் உடனாய்வாளரும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய ஆர். என். ஏ.யை எலியின் தசையிற் செலுத்தி, அங்குப் புரதம் உண்டாதலைக் காட்டினர். ஆயின் இம்முறையால் ஆய தடுப்பூசி பொதுமக்கட்கு முதன்முதல் ஒப்புதல் பெற்றது 2020 திசம்பர் 2 ஆம் நாள் பிரித்தானியாவில். இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. காரணம் யாதெனின், எளிதிற் சிதையும் ஆர். என். ஏ.யை உயிரணுவினுட் கொண்டு சேர்க்கும் கொழுப்புத்துகள் உறை உருவாதற்குக் காலம் வேண்டியிருந்தது என்பது ஒன்று. படியெடுத்த ஆர். என். ஏ. தூயதாக அமையாமை மற்றொன்று. இரண்டாவதே ஈண்டு ஆராயற்பாலது.

3. படியெடுப்போன்

உயிரணுக்களிற் படியெடுக்கும் நொதிகள் பல உறுப்புக்கள் கூடி இயங்குவன. அவற்றைச் சோதனைக் குழாயிற் கூட்டி வைத்து இயக்குதல் அரிது. இவ்விடர்ப்பாட்டினைத் தீர்த்தது டி-7 என்னும் சிறிய வைரசு. இது எசரிசியா கோலை என்னும் குடற் பாக்டீரியாவைத் தாக்கி அழிப்பது. இவ்வைரசுக்கு உரிய படியெடுப்பு நொதி 883 அமினோ அமிலங்களால் ஆய ஒரே உறுப்பு. துணை ஏதும் வேண்டாது தனித்து இயங்குவது. சேம்பர்லின் என்பாரும் உடனாய்வாளரும் 1970 இல் இதனைப் பிரித்துணர்ந்தனர். புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஸ்டூடியர் குழுவினர் 1984 இல் இந்நொதிக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் இட்டு நொதியைப் பெருமளவில் ஆக்க வழி கண்டனர். அதே ஆண்டில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து மெல்டன் குழுவினர், எஸ்பி-6 என்னும் மற்றொரு வைரசின் நொதியைக் கொண்டு குழாயிற் செய்த ஆர். என். ஏ. உயிரணுவிற் செயற்படும் என்று காட்டினர்.

டி-7 நொதி, டி. என். ஏ.யில் ஏறத்தாழ 18 எழுத்தளவினதாய ஒரு தொடக்கக் குறியைக் கண்டவிடத்து மட்டுமே எழுதத் தொடங்கும் என்பது பொது விதி. அதன் விரைவு வியக்கத்தக்கது. ஒரு நொடிக்கு 200 எழுத்துக்களுக்கு மேல் கோக்கும். பைசர் - பயோன்டெக் நிறுவனங்களின் கோவிட் தடுப்பூசியில் உள்ள ஆர். என். ஏ. 4284 எழுத்து நீளமுடையது. அதனை முழுமையும் எழுத இந்நொதிக்கு இருபது நொடி அளவே போதும்.

செய்ம்முறையும் எளிதே. வேண்டிய வரிசை எழுதப்பெற்ற டி. என். ஏ. வளையம் பாக்டீரியாவிற் பெருக்கப்படும். பின்னர் அவ்வளையம் வரிசையின் இறுதியில் ஒரு நொதியால் வெட்டப்பட்டு நேரிழையாக்கப்படும். நொதி இழையின் ஓரத்தை அடைந்தவுடன் நழுவி வீழ்ந்து, எழுதிய படியை விடுவித்தல் வேண்டும் என்பதே இவ்வெட்டின் கருத்து. இவ்விழையோடு நால்வகை எழுத்துக்களாகிய நியூக்கிளியோடைடுகளும், மக்னீசிய உப்பும், படியெடுப்பு நொதியும் நீரிற் கலந்து 37 பாகை செல்சியசு வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கப்படும். எழுத்தொன்று கோக்கப்படுந்தோறும் பைரோபாசுபேட்டு என்னும் கழிபொருள் வெளிப்பட்டு மக்னீசியத்தோடு கூடி வெண்மையாகப் படியும். இது தொழிலைத் தடுக்குமாதலின், இதனைச் சிதைக்கும் மற்றொரு நொதியும் சேர்க்கப்படும். இறுதியில் மூல டி. என். ஏ.யையும் ஒரு நொதியாற் சிதைத்து நீக்குவர். ஒரு மில்லிலிட்டரில் பல மில்லிகிராம் ஆர். என். ஏ. கிடைத்தல் இயல்பு. ஓர் ஊசியளவு 30 மைக்ரோகிராம் எனின், 5 மில்லிகிராம் ஆர். என். ஏ. கணக்களவில் 150 பேருக்கு மேல் போதுமானதாகும்.

இவ்வாறு நோக்கின் இடர்ப்பாடு ஒன்றும் இல்லை என்றே தோன்றும். இடர்ப்பாடு அளவில் இல்லை, பாடத்தில் உள்ளது.

4. படியிற் காணும் குற்றங்கள்

நூலுக்குரிய குற்றம் பத்தென நன்னூலார் வகுத்தார். அவற்றுள் மூன்றன் பெயர்கள் இந்நொதியின் குற்றங்கட்கும் பொருந்துவனவாக உள்ளன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்பன அவை. பெயரொப்புமை கருதி ஈண்டு அவற்றை ஆளுகின்றோமேயன்றி, இலக்கண நூலார் அறிவியலை முன்னறிந்தார் என்பது கருத்தன்று என அறிக.

முதற்கண் தனியெழுத்துப் பிழையை நோக்குவோம். டி-7 நொதிக்குத் தான் எழுதியதைத் திரும்பப் பார்த்துத் திருத்தும் ஆற்றல் இல்லை. ஆயினும் அது பல்லாயிரம் எழுத்துக்களுக்கு ஒன்றே பிழைபட எழுதும். மேலே குறித்த 30 மைக்ரோகிராம் அளவில் ஏறத்தாழ 12 இலட்சம் கோடிப் படிகள் உள்ளன எனக் கணக்கிடலாம். அவற்றிற் சில படிகளில் ஓர் எழுத்து மாறியிருப்பினும், அம்மாற்றம் படிதோறும் வெவ்வேறிடத்தில் நிகழ்தலின், பிழையில்லாப் படிகளின் பெருக்கில் அது மறைந்துவிடும். சுவடி ஒப்புநோக்குவார் இதனை எளிதில் உணர்வர். நூறு ஏடுகளுள் ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்துத் தவறின், மூலபாடம் அழியாது. எல்லா ஏடுகளும் ஒரே வகையில் தவறுங்காலே தீங்கு நேர்வது.

குன்றக் கூறலாவது, நொதி தொடக்கக் குறியருகே சில எழுத்துக்களை எழுதிவிட்டு, அத்துண்டினை உதறிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல். இங்ஙனம் பல முறை முயன்ற பின்னரே அது நெடுந்தொலைவு எழுதும் நிலையை எய்தும். எஞ்சும் துண்டுகள் பத்தெழுத்தளவிற்கு உட்பட்டன. மிகச் சிறியனவாதலின் பொதுவான வடிகட்டு முறையாலேயே பெரும்பாலும் நீங்கும். ஆயினும் அவை தாமே மற்றைப் படிகளோடு ஒட்டிக் குழப்பம் விளைத்தலும் உண்டு.

மிகைபடக் கூறலாவது, நொதி இறுதி எழுத்தை எழுதி முடித்த பின்னும் ஓயாமை. விடுபட்ட படியின் கடைப்பகுதி சிற்சில எழுத்துக்கள் ஒன்றோடொன்று இணையத்தக்கனவாக இருப்பின் தன்மேல் தானே மடியும். வேலை ஒழிந்து நிற்கும் நொதி அம்மடிந்த முனையைப் பற்றி, மூல டி. என். ஏ.யை விட்டு, தான் எழுதிய படியையே மூலமாகக் கொண்டு மேலும் எழுதத் தொடங்கும். ஏடெழுதுவோன் ஒருவன் நூல் முடிந்த பின்னும் எழுத்தாணியை வையாது, ஏட்டைத் திருப்பிப் பிடித்துத் தன் எழுத்தையே பார்த்து எதிர்த்திசையில் எழுதிச் செல்வானாயின் எவ்வாறிருக்கும்? அதுபோல்வதே இது. விளைவு, ஊசிக்கொண்டை போல வளைந்த இரட்டை இழை.

மாறுகொளக் கூறலாவது, நொதி தொடக்கக் குறியின்றியே டி. என். ஏ.யின் மறுமுனையிற் பற்றி, எதிர் இழையை முழுமையும் படியெடுத்துவிடுதல். இவ்வெதிர்ப்படி நேர்ப்படியோடு எழுத்துக்கு எழுத்து இணைந்து நீண்ட இரட்டை இழையாகும். இக்குற்றம் உண்டென்பதைச் சன் ஹர் குழுவினர் 2018 இல் தெளிவுற எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் மாசசூசெட்சுப் பல்கலைக்கழகத்து மார்ட்டின் குழுவினர், மேற்கூறிய மிகைக்குற்றம் படியே மூலமாவதால் நேர்வது என்பதனை விரிவாக நிறுவினர்.

5. இரட்டை இழையால் வரும் தீங்கு

மொத்த விளைச்சலில் இவ்விரட்டை இழை மிகச் சிறு பகுதியே. அச்சிறு பகுதியைப் பொருட்படுத்துவானேன் எனின், கூறுதும்.

பல வைரசுகள் பெருகுங்கால் இரட்டை இழை ஆர். என். ஏ. தோன்றும். நலமுற்ற உயிரணுவின் குழம்பில் நீண்ட இரட்டை இழை ஆர். என். ஏ. இயல்பாகக் காணப்படுவதில்லை. ஆகவே அதனைப் பகையின் கொடியாகக் கொண்டு உணரும் புரதங்கள் பல நம் உயிரணுக்களில் அமைந்துள்ளன. ஒருசார் புரதங்கள் இண்டர்பெரான் முதலிய எச்சரிக்கைப் பொருள்களைச் சுரப்பித்து அழற்சியை எழுப்பும். மற்றொரு புரதம் உயிரணுவின் புரத ஆக்கத்தையே நிறுத்திவிடும். வேறொன்று உயிரணுவில் உள்ள ஆர். என். ஏ.க்களைத் துண்டாடும் நொதியைத் தூண்டும். எனவே தூய படிகள் ஏராளமாக இருப்பினும், சிறிதளவு இரட்டை இழை கலந்துவிடின், உயிரணு தன் தொழிற்சாலையை அடைத்துக்கொள்ளும். தடுப்பூசியின் நோக்கம் புரதம் உண்டாதல். பிழையுற்ற படியோ அதனையே தடுப்பது. பாடம் படிக்கப்படுவதற்கு முன்பே சுவடி தீக்கிரையாவது போன்றது இது.

தடுப்பூசிக்குச் சிறிது கிளர்ச்சி வேண்டுமன்றோ, அழற்சி சிறிது எழுதல் நன்றே அன்றோ என ஒருவர் வினவலாம். வினா பொருத்தமானதே. எதிர்ப்பாற்றலை எழுப்பத் தூண்டல் ஒன்று வேண்டும் என்பது உண்மை. கொழுப்புத்துகள் உறையே அத்தூண்டலை ஓரளவு தருகின்றது. ஆயின் அளவறிந்து சேர்க்கும் மருந்து வேறு. அளவறியாது புகுந்துவிடும் கலப்பு வேறு. இரட்டை இழையின் அளவு ஆக்கத்திற்கு ஆக்கம் மாறுபடும். அதனால் ஒரு தொகுதி மருந்து நற்பயன் தர, அடுத்த தொகுதி காய்ச்சலும் குன்றிய பயனும் தருமாயின், அதனை மருந்தென நம்பி ஏற்றல் இயலாது.

6. களைதலும் காத்தலும்

இக்குற்றத்தைத் தீர்க்க அறிஞர் மேற்கொண்ட வழிகள் இருவகைப்படும். பிழையுற்ற படிகளைப் பின்னர்ப் பிரித்து நீக்குதல் ஒன்று. பிழை தோன்றாவாறு முன்னரே காத்தல் மற்றொன்று.

நீக்கும் வழியில் தலைசிறந்த சான்று 2011 ஆம் ஆண்டினது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து கேட்டலின் கரிக்கோவும் டிரூ வைஸ்மனும் உடனாய்வாளரும், ஆக்கிய ஆர். என். ஏ.யை உயர் அழுத்த நிறப்பிரிகை முறையாற் பிரித்து, இரட்டை இழைக் கலப்பை அகற்றினர். அங்ஙனம் தூய்மை செய்த ஆர். என். ஏ. இண்டர்பெரானைத் தூண்டவில்லை, உடலினின்றும் நேரே எடுத்த உயிரணுக்களில் முன்னினும் 10 முதல் 1000 மடங்கு வரை புரதம் விளைத்தது. ஆர். என். ஏ.யின் அளவு கூட்டப்படவில்லை, பிழையே குறைக்கப்பட்டது. அதனாலேயே பயன் இத்துணை மடங்காயிற்று. இக்கட்டுரையின் கருத்தினை நிறுவ இஃதொன்றே போதும்.

ஆயினும் நிறப்பிரிகை முறைக்கு விலைமிக்க கருவிகளும் நச்சுத்தன்மையுடைய கரைப்பான்களும் வேண்டும். பேரளவு ஆக்கத்திற்கு அது எளிதன்று. 2019 இல் செருமானிய நாட்டில் பையர்சுடோர்பரும் கரிக்கோ முதலியோரும் எளியதொரு வழியை வெளியிட்டனர். எத்தனால் கலந்த நீர்மத்தில் இரட்டை இழை ஆர். என். ஏ. செல்லுலோசுத் தூளைப் பற்றிக்கொள்ளும். ஒற்றை இழை பற்றாது ஒழுகிவிடும். இதனால் இரட்டை இழையில் 90 விழுக்காடேனும் நீங்குகின்றது. செல்லுலோசு பருத்தியிலும் தாளிலும் உள்ள பொருளே. எளிய ஆய்வுக்கூடத்தார்க்கும் இவ்வழி கைக்கெட்டுவது என்பதே இதன் சிறப்பு.

ஆயினும் நீக்கும் முறை எதுவாயினும் நல்ல படிகளிலும் ஒரு பகுதி இழக்கப்படும். ஆதலின் தோன்றாவாறு காத்தலே மேல். இவ்விடத்து ஒரு முரண்பாடு குறுக்கிடுகின்றது. விளைச்சலைப் பெருக்குதற்கு மக்னீசியத்தை மிகுத்தல், நொதியை மிகுத்தல், நீண்ட நேரம் வைத்தல் ஆகியன வழிகள். ஆனால் குழாயிற் படிகள் குவியக் குவிய, நொதி மூலத்தை விட்டுப் படிகளையே பற்றும் வாய்ப்பு மிகும். ஆகவே விளைச்சலைப் பெருக்கும் வழிகளே பிழையையும் பெருக்குவனவாக அமைகின்றன. அளவும் தூய்மையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இந்நிலையே இத்துறையின் நடுநாயகமான சிக்கலாகும்.

இதனை அவிழ்க்க முயன்றோர் கண்ட வழிகளிற் சிலவற்றைக் கூறுவோம். மக்னீசியத்தைக் குறைத்தல் எதிர்ப்படிக் குற்றத்தைத் தணிக்கும். வெப்பம் தாங்கும்படி மாற்றியமைத்த நொதியைக் கொண்டு 50 பாகையை ஒட்டிய வெப்பத்திற் படியெடுப்பின், படியின் முனை மடிந்து நிற்றல் அரிதாகும், மிகைக்குற்றம் குறையும். இதனை 2020 இல் வூ முதலியோர் காட்டினர். மார்ட்டின் குழுவினர் 2021 இல் வெளியிட்ட வழி நுட்பம் வாய்ந்தது. நொதியையும் மூல டி. என். ஏ.யையும் ஒரே மணியின் மேல் அருகருகே பிணைத்துவிட்டு, கரைசலில் உப்பை மிகுத்தனர். உப்பு மிகுமிடத்து நொதி தனித்து எதனையும் பற்றுதல் கடினம். ஆனால் மூலத்தின் அருகே பிணைக்கப்பட்டமையால் அதனை மட்டும் பற்றும். விடுபட்டுச் சென்ற படியைப் பற்ற இயலாது. எழுதுவோனை மூல ஏட்டின் முன்னேயே அமர்த்தி, எழுதிய ஏடு அவன் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்தியது போன்ற ஏற்பாடு இது. இதனால் விளைச்சலும் குன்றாது தூய்மையும் உயர்ந்தது.

எழுதுவோனையே திருத்துதல் மற்றொரு வழி. மாடர்னா நிறுவனத்து ஆய்வாளர் 2023 இல், டி-7 நொதியின் 47 ஆம் இடத்துக் கிளைசினை அலனினாக மாற்றியும், 883 அமினோ அமிலங்களின் இறுதியில் ஒரு கிளைசினைக் கூட்டியும் புதியதொரு நொதியை அமைத்தனர். இவ்விரு மாற்றங்களால், எதிர்ப்பைக் கிளரும் இரட்டை இழை ஏறத்தாழத் தோன்றாமலேயே படியெடுத்தல் இயல்வதாயிற்று. பல கோடி ஆண்டுகளாக ஒரு வைரசின் தேவைக்கு மட்டுமே எழுதிவந்த நொதி, மனிதன் தேவைக்கு ஏற்ற ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்டது எனலாம்.

7. தலையும் வாலும்

நூலுக்குப் பாயிரமும் இறுதி வாசகமும் போலத் தூது ஆர். என். ஏ.க்கும் தலைப்பகுதியும் கடைப்பகுதியும் உண்டு. இயற்கையான தூது ஆர். என். ஏ.யின் தலையில், மீத்தைல் சேர்ந்த குவானின் ஒன்று தலைகீழாகப் பிணைந்திருக்கும். அதனை அறிவியலார் ‘தொப்பி’ என்பர். தொப்பியில்லாப் படியை உயிரணு நன்கு படிக்காது; அதன் வெறுந்தலையில் எஞ்சும் மூன்று பாசுபேட்டுக்களை அயன்மைக்கு அடையாளமாகவும் கொள்ளும்.

தொடக்கக் காலத்தில் தொப்பிக்கு ஒப்பான சிறு மூலக்கூற்றைக் கலவையில் இட்டனர். நொதி அதனைத் தலையில் வைத்து எழுதத் தொடங்கும். ஆயின் அம்மூலக்கூறு இருபுறமும் ஒத்திருந்தமையால், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை படிகளில் அது திருப்பிப் பொருத்தப்பட்டுப் பயனற்றுப் போயிற்று. 2001 இல் வெளியிடப்பட்ட திருந்திய மூலக்கூறு ஒரு புறத்தாலன்றிப் பொருந்தாவாறு அமைக்கப்பட்டது. ஆயினும் முதலெழுத்தாகிய குவானினோடு அது போட்டியிடவேண்டியிருந்ததால், குவானினைக் குறைத்து இடவேண்டியதாயிற்று, விளைச்சல் குன்றிற்று. அதன்பின் வந்தது, தொப்பியோடு முதலிரண்டு எழுத்துக்களையும் சேர்த்துக் கட்டிய மூலக்கூறு. இதனால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட படிகள் தொப்பி பெறுகின்றன. பைசர் - பயோன்டெக் தடுப்பூசி இம்முறையைத் தழுவியது. மாடர்னா தடுப்பூசியில், படியெடுத்து முடித்த பின் மற்றொரு நொதியால் தொப்பி சேர்க்கப்பட்டது.

கடைப்பகுதியில் அடினின் எழுத்து நூற்றுக்கு மேற்பட்ட முறை அடுக்கி வரும். இவ்வால் படியைச் சிதைவினின்றும் காக்கும். மூல டி. என். ஏ.யிலேயே இதனை எழுதிவைத்தல் நலம். ஆனால் ஒரே எழுத்து நெடுக அடுக்கி வருமிடத்துப் பாக்டீரியா பெருகுங்கால் அதிற் சில எழுத்துக்களை விட்டுவிடும். ஒரே சொல் பலகால் மடங்கி வருமிடத்து ஏடெழுதுவோன் கண் தாவிவிடுதல் போன்றது இது. இதற்கு மாற்றாக, பயோன்டெக் நிறுவனத்தார் 30 அடினினும், இடையே வேறெழுத்துக்களால் ஆய 10 எழுத்துத் தொடரும், பின் 70 அடினினும் வைத்து வாலை அமைத்தனர். இடையிட்ட அத்தொடர் தடுமாற்றத்தைக் குறைக்கும் மைல்கல் போல நின்றது.

8. எழுத்து மாற்றம்

கரிக்கோவும் வைஸ்மனும் 2005 இல் வெளியிட்ட கண்டுபிடிப்புப் பலரும் அறிந்தது. ஆய்வுக்கூடத்திற் செய்த ஆர். என். ஏ. எதிர்ப்பணுக்களைக் கிளர, இயற்கையாக மாற்றெழுத்துக்கள் நிறைந்த சில ஆர். என். ஏ. வகைகள் கிளராமை அவர்களை ஆராயத் தூண்டியது. யூரிடினுக்கு மாற்றாகச் சூடோயூரிடின் முதலிய மாற்றெழுத்துக்களை இட்டபோது கிளர்ச்சி அடங்கியது. இதற்காக அவ்விருவரும் 2023 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். 2020 இன் இரு கோவிட் தடுப்பூசிகளிலும் யூரிடின் முழுவதும் என்-1 மீத்தைல் சூடோயூரிடினாக மாற்றப்பட்டிருந்தது. இம்மாற்றெழுத்துக்கள் படியெடுக்குங்கால் எதிர்ப்படி தோன்றுதலையும் குறைக்கும் என்பது பின்னர்த் தெரியவந்த கூடுதற் பயன்.

ஆயினும் ஒரு பிழையைத் திருத்தப் புகுந்த மாற்றம் வேறொரு பிழைக்கு இடமாதலும் உண்டு. இம்மாற்றெழுத்துச் சில இடங்களில் அடுத்தடுத்து வருங்கால், படிக்கும் உறுப்பு ஓரெழுத்துத் தள்ளி மும்மூன்றாகக் கூட்டிப் படித்துவிடுகின்றது என்பதைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தார் முதலியோர் 2023 இறுதியில் காட்டினர். சொல் பிரிக்காது எழுதிய ஏட்டில் ஓரெழுத்துத் தவறிப் பிரிப்பின் அடி முழுவதும் வேறுபொருள் படுதல் நாம் அறிந்ததே. இதனால் தீங்கு நேர்ந்ததாகக் காணப்படவில்லை. அன்றியும் அவ்விடங்களில் பொருள் மாறாத வேறெழுத்துக்களை ஆளுவதால் இவ்வழுவைத் தவிர்க்கலாம் என்பதையும் அவர்களே காட்டினர். திருத்தம் என்பது ஒருமுறை செய்து முடிப்பது அன்று என்பதற்கு இது சான்று.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒருண்மை புலனாகும். தடுப்பூசிக்குரிய எழுத்து வரிசை மறைபொருள் அன்று. கோவிட் வைரசின் வரிசை 2020 சனவரியிலேயே உலகறிய வெளியிடப்பட்டது. 2021 இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார், பயன்படுத்திய குப்பிகளில் எஞ்சிய துளிகளினின்றும் இரு தடுப்பூசிகளின் ஆர். என். ஏ. வரிசைகளையும் படித்து வெளியிட்டனர். சிதைந்த ஏட்டினின்றும் நூலை மீட்டது போன்ற செயல் அது. மூலபாடம் இவ்வாறு யாவர்க்கும் கிடைத்தது. ஆயினும் எல்லா நாடுகளும் அம்மருந்தைச் செய்துகொள்ள இயலவில்லை. ஏனெனில், பாடம் வேறு; பிழையறப் படியெடுக்கும் கைத்திறன் வேறு. மக்னீசியம் எவ்வளவு, நொதி எவ்வளவு, எப்போது நிறுத்துவது, இரட்டை இழையை எவ்வாறு அளப்பது, எவ்வாறு நீக்குவது என்பனவே மருந்தின் பயனை முடிவு செய்கின்றன. இவற்றுட் பல நிறுவனங்களின் உள்ளறிவாகவே இருந்தன.

இக்குறையை நீக்குதற் பொருட்டு உலகச் சுகாதார நிறுவனம் 2021 சூன் திங்களில் தென்னாப்பிரிக்காவில் ஆர். என். ஏ. தடுப்பூசிப் பயிற்சி நடுவம் ஒன்றை அறிவித்தது. கேப் டவுன் நகரத்து ஆஃப்ரிசென் நிறுவனத்தார், முதலில் ஆக்கியோரின் துணையின்றி, பொதுவில் கிடைத்த வரிசையைக் கொண்டே 2022 தொடக்கத்தில் ஆய்வுக்கூட அளவில் ஒரு தடுப்பூசியை ஆக்கிக் காட்டினர். செல்லுலோசுத் தூளால் தூய்மை செய்தல் போன்ற எளிய வழிகளின் அருமை இவ்விடத்து நன்கு விளங்கும். ஒவ்வோர் எளிய திருத்தமும், மருந்து செய்வார் தொகையை மிகுக்கின்றது. கொள்ளைநோய் வருங்கால் பிறர் கையை எதிர்நோக்கிக் காத்திருப்பார் தொகையைக் குறைக்கின்றது.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் ஈண்டு ஒரு பணி உண்டு. இத்துறைக்குரிய கருத்துக்களை நம் மொழியிற் கூறுதற்குப் படியெடுத்தல், மொழிபெயர்த்தல், மிகை, குறை, மாறுகோள் எனப் பழகிய சொற்களே பெரிதும் உதவுகின்றன என்பதை இக்கட்டுரை எழுதுங்காற் கண்டோம். ‘தொப்பி’, ‘வால்’ போன்றவற்றிற்கு இவற்றினும் தக்க சொற்கள் கிடைத்தல் கூடும். புதிய சொற்களை ஆக்குமுன், பொருளின் இயக்கத்தை உள்ளவாறு அறிதல் முதற்கடன். நொதிக்கு நோக்கமோ கவனக்குறைவோ இல்லை. அதன் பிழை வேதியியலின் வழிப்பட்டது. இவ்வேறுபாட்டை மறவாது ஆளின், நம் பதிப்புத்துறை வளர்த்த சொல்வளம் உயிரியலைத் தமிழில் விளக்குதற்கு உறுதுணையாகும்.